கழுத்தில் தொங்குவது எவர் பெயர்?

திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்திலுள்ள எரியோடு பேரூராட்சியில், காலை வேளையில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டத்தை உற்று நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். நூலாலைக்குச் செல்லும் தொழிலாளியின் கழுத்திலும் அட்டை தொங்குகின்றது. திண்டுக்கல்லுக்கும் அதற்கு அப்பாலும் உள்ள கல்லூரிகளுக்குச் செல்லும் மாணவியின் கழுத்திலும் அட்டை தொங்குகின்றது. இருவரும் தமிழர்; இருவர்க்கும் பெயரிட்டவர் தமிழ்ப்பெற்றோர். அட்டையிலோ பெரும்பாலும் ஒரு தமிழெழுத்தும் இராது. நிறுவனத்தின் பெயர் ஆங்கிலம். மாணவியின் பெயர் ஆங்கிலம். தந்தை பெயரும் துறையின் பெயரும் ஊரின் பெயரும் ஆங்கிலம். அட்டையைத் திருப்பினால், தொலைந்துபோன அட்டையைக் கண்டெடுத்தவர் எங்கே ஒப்படைக்க வேண்டும் என்னும் வேண்டுகோள்கூட ஆங்கிலம்!

அவ் வட்டையைப் படிப்பவர் யாவர்? பேருந்து நடத்துநர் தமிழர். கல்லூரி வாயிற்காவலர் தமிழர். நூலகத்தார், தேர்வறைக் கண்காணிப்பாளர், விடுதிக் காப்பாளர் அனைவரும் தமிழர். கண்டெடுத்து ஒப்படைக்க வேண்டியவரும் எரியோட்டுச் சந்தையிலோ வேடசந்தூர்ச் சாலையிலோ நடந்து செல்லும் ஒரு தமிழரே. எழுதியவரும் தமிழர், எழுதப்பட்டவரும் தமிழர், படிப்பவரும் தமிழர். இடையில் நிற்பது மட்டும் அயன்மொழி. இக் கேலிக்கூத்து நாள்தோறும் கண்முன் நடந்தும் எவர்க்கும் உறுத்தாமற் போனமைதான் கேட்டினுட் பெருங்கேடு.

அடையாள அட்டையே வேண்டா என்பாரும் உளர். அது பொருந்தாது. பல்லாயிரவர் வந்து செல்லும் பல்கலைக்கழகத்தில் உள்ளவர் யார், வெளியாள் யார் என்று அறிதற்கு ஒரு வழி வேண்டும். 2024 திசம்பர் 23 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்குள் நுழைந்த வெளியாள் ஒருவன் மாணவி ஒருவரைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய கொடுஞ்செயலை நாடு மறந்திருக்க முடியாது. 2025 சூன் திங்களில் அவனுக்கு முப்பதாண்டுக்குக் குறையாத வாழ்நாள் தண்டனை விதிக்கப்பட்டது. அந் நிகழ்ச்சிக்குப் பின் வளாகங்களில் அட்டை அணிவது கண்டிப்பாக்கப்பட்டது. பெண்மக்களின் காவலுக்கு அட்டை உதவுமாயின் அதனை வரவேற்கலாம். நூலெடுக்கவும் தேர்வெழுதவும் விடுதியில் உண்ணவும் அது பயன்படுகின்றது; புதிய பயண அட்டை வரும்வரை கல்லூரி அட்டையைக் காட்டி அரசுப் பேருந்திற் செல்லும் இசைவும் அண்மை ஆண்டுகளில் தரப்பட்டது. எனவே அட்டை வேண்டுமா வேண்டாவா என்பதன்று வழக்கு. ஒருவரை இன்னார் என்று காட்டுதற்காகவே அமைந்த ஒன்று, அவருடைய பெயரை அவர் மொழியில் சொல்ல மறுப்பது எவ்வாறு பொருந்தும் என்பதே வழக்கு.

‘எழுத்துத்தானே, எதில் இருந்தால் என்ன?’ என்று கேட்பவர், ஆங்கில எழுத்து தமிழ்ப்பெயரை என்ன செய்கின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் லகரம் மூன்று வகை, நகரம் மூன்று வகை, ரகரம் இரு வகை. ஆங்கிலத்தில் இவற்றிற்குத் தனித்தனி எழுத்தில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்ட ஒழுங்கான வழியுமில்லை. ‘இளவழகி’ என்னும் பெயர் தமிழில் எழுதப்பட்டால் ஐந்தே எழுத்து; உலகெங்கும் ஒரே வடிவம். அதனையே ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தால், முதலெழுத்தை ஒருவர் ‘ஐ’ என்பார், இன்னொருவர் ‘ஈ’ என்பார். ழகரத்திற்கு ஒருவர் ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்ப்பார், மற்றொருவர் ‘எல்’ ஒன்றே போதும் என்பார். ககரத்திற்குக் ‘கே’யா ‘சி’யா என்பது எழுதுபவர் மனப்போக்கு. இறுதியில் ‘ஐ’யா, ‘ஒய்’யா, இரட்டை ‘ஈ’யா என்பது அன்றைய நாளின் ஊழ்! ஒரு பெயர்க்கு இவ்வாறு பத்துப் பன்னிரண்டு வடிவங்கள் பிறந்துவிடுகின்றன.

இது வெறும் ஒலிச்சிதைவு என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா. இதனால் வயிற்றில் அடிபடும் பிள்ளைகள் உளர். அரசுப்பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 உருபா வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செபுதம்பர் 5 அன்றும், மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகத்து 9 அன்றும் தொடங்கின. இத் தொகை வங்கிக் கணக்கிற்கு நேரே செல்வது. அதற்குப் பள்ளிச் சான்றிதழும் கல்லூரிப் பதிவும் ஆதார் அட்டையும் வங்கிச் சேமிப்புப் பொத்தகமும் ஒன்றோடொன்று ஒத்திருத்தல் வேண்டும். பள்ளியில் ஓர் எழுத்தர் ஆங்கிலத்தில் ஒரு வகையாய் எழுதினார். ஆதார் எடுத்த இடத்தில் இன்னொருவர் வேறு வகையாய்த் தட்டினார். வங்கியில் மூன்றாமவர் முன்னெழுத்தைப் பின்னே போட்டார். கல்லூரி அட்டையில் நான்காம் வடிவம் அச்சாயிற்று. கணிப்பொறிக்கு அந் நால்வரும் வெவ்வேறு ஆட்கள். உதவித்தொகை நின்றுபோகின்றது, பிள்ளை அலைகின்றாள்.

அவள் அலைச்சலின் அளவை நகரத்தில் இருப்போர் எளிதில் உணரார். எரியோட்டைச் சூழ்ந்த சிற்றூர்களில் பெற்றோர் பலர் நூலாலையிலும் கழனியிலும் நாட்கூலிக்கு உழைப்பவர். பெயர் திருத்த ஒரு நாள் செல்வதென்றால் ஒரு நாட்கூலி போயிற்று. திருத்தப் படிவத்தோடு சான்று கேட்பர்; சான்று வாங்கப் பள்ளிக்குச் சென்றால், தலைமையாசிரியர் மாறியிருப்பார். ஒன்றும் இயலாதபோது, பெயர்மாற்றம் என்று அரசிதழில் விளம்பரம் செய்யச் சொல்வர். இதனினும் பெரிய முரண்பாடு ஒன்றுண்டோ? பிள்ளை தன் பெயரை மாற்றவே இல்லை. பெற்றோர் மாற்றவில்லை. தமிழில் அப் பெயர் பிறந்த நாள்தொட்டு ஒரெழுத்தும் பிசகாமல் இருக்கின்றது. மாறியது எழுத்தர்களின் ஆங்கிலம். குற்றம் அவர்களது, தண்டம் கட்டுபவள் அவள்! பூட்டுக்குப் பெயர்பெற்றது திண்டுக்கல். 2019இல் அப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டு ஒன்றிருக்க, ஆளுக்கொரு வடிவில் திறவுகோல் வெட்டிக் கொடுத்துவிட்டுத் திறக்காததற்குப் பூட்டைக் குறைகூறும் கொல்லனை அவ்வூரார் கடையில் வைத்திருப்பரா?

ஊர்ப்பெயர்களின் கதையும் இதுவே. அட்டையின் முகவரியில் ‘எரியோடு’ என்பதன் யகர உடம்படுமெய் சிலர்க்கு வேண்டாததாகிவிடுகின்றது. ‘திண்டுக்கல்’ தன் முதலெழுத்தையும் இரட்டித்த ககரத்தையும் இழந்து வெள்ளையன் வாயிற் பட்ட வடிவிலேயே இன்றும் உலவுகின்றது. 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப ஆங்கிலத்தில் எழுத ஆணை வெளியிட்டது. நோக்கம் நன்று. ஆயின் என்ன நடந்தது? கோயம்புத்தூரையும் தூத்துக்குடியையும் ஆங்கிலத்தில் எவ்வாறு எழுத்துக்கூட்டுவது என்று ஆளுக்கொரு கருத்துக் கூறினர். எள்ளி நகைத்தோர் பலர். சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. தமிழ்ப்பெயரை ஆங்கிலத்தில் முற்றுஞ் செம்மையாய் எழுத முயல்வது, முறத்தால் நீர் முகப்பதை ஒக்கும் என்பதற்கு அரசே தந்த சான்று அது. மூலம் தமிழாகவும், வேண்டுமிடத்து ஆங்கிலம் அதன் நிழலாகவும் இருத்தல் வேண்டும். இன்றோ நிழல் மூலமாய் அமர்ந்துகொண்டு, மூலத்தைத் திருத்தி வரச்சொல்கின்றது.

வியப்பு யாதெனில், இத்துணை இழிவை நடுவணரசின் ஆதார் அட்டைகூடச் செய்யவில்லை. அதிற் பெயர் தமிழிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. வாக்காளர் அட்டையிலும் அவ்வாறே. தமிழ்நாட்டின் குடும்ப அட்டை தமிழிலேயே வழங்குகின்றது. அரிசி வாங்கும் அட்டையிற் தமிழ் இருக்கின்றது; அறிவு வாங்கும் அட்டையிற் தமிழ் இல்லை. (ஆதாரின் தமிழும் முற்றும் போற்றத்தக்கதன்று. ஆங்கில வடிவைத் தட்டியவுடன் பொறி தானே தமிழாக்கித் தருவதால், ழகரம் லகரமாயும் ணகரம் னகரமாயும் திரும்பி வந்து நிற்கும் கொடுமையைப் பலர் தம் அட்டையிலேயே காணலாம். தமிழ்ப்பெயர் ஆங்கிலத்துட் புகுந்து, அங்கே உருச்சிதைந்து, மீண்டும் தமிழுக்கு ஏதிலியாய் வந்து சேர்கின்றது.)

இனி, முன்னெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழர்க்குக் குடும்பப்பெயர் என்று வாலாய்த் தொங்கும் ஒன்று இல்லை. தந்தை அல்லது தாயின் பெயர் முதலெழுத்தைத் தன் பெயர்க்கு முன் இட்டுக்கொள்வது வழக்கம். பெயரின் பின்னே சாதிப்பட்டம் ஒட்டும் இழிவை 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் நடந்த தன்மான இயக்க மாநாடு கண்டித்துத் தீர்மானம் இயற்றியது; அதன்பின் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு சாதிவால் அறுந்து விழுந்தது. இந்தியாவின் பிற பகுதிகளில் பேரறிஞரும் பெருந்தலைவரும்கூடச் சாதிப்பெயரைச் சுமந்து திரிகையில், எரியோட்டுக் கூலித்தொழிலாளியின் மகன் வெறும் பெயரோடு தலைநிமிர்ந்து நடக்கும் பெருமை அவ்வாறு வந்தது.

அப் பெருமையை இன்று ஒரு கட்டம் தின்கின்றது. தில்லியிலோ அயல்நாட்டிலோ வகுத்த படிவத்தில் ‘முதற்பெயர்’ என்று ஒரு கட்டம், ‘கடைப்பெயர்’ என்று இன்னொரு கட்டம். கடைப்பெயர்க் கட்டத்தை நிரப்பாவிடிற் பொறி மேற்செல்லாது. மாணவன் என்ன செய்வான்? தந்தை பெயரை அதில் இடுகின்றான். பின்னர் அட்டையில் அவன் தந்தை பெயராலேயே விளிக்கப்படுகின்றான். மாணவியாயின் ஆண்பெயரால் அழைக்கப்படும் இழிவும் சேர்கின்றது. சிலர், விட்டொழித்த சாதிப்பெயரையே தேடியெடுத்து அக் கட்டத்தை நிரப்பும் நிலையும் உண்டு. ஐம்பது அறுபது ஆண்டு உழைத்துப் போக்கிய ஒன்றைக் கணிப்பொறிப் படிவம் ஓசையின்றி உள்ளே அழைக்கின்றது. படிவம் வகுத்தவன் தமிழன் பெயர்முறை அறியாதவன். அதனை அப்படியே வாங்கி இங்கே பயன்படுத்துகின்றவன் அறிந்தும் வாளாவிருப்பவன். இருவருள் இரண்டாமவனே பெருங்குற்றவாளி.

ஆணை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அரசு ஊழியர் தமிழிற் கையொப்பமிட வேண்டும் என்று 1978ஆம் ஆண்டே ஆணை பிறந்தது. 2021 திசம்பரில் வெளியான ஆணை இன்னுந் தெளிவானது. தமிழிற் பெயரெழுதும்போது முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும். பள்ளி கல்லூரி மாணவர்தம் விண்ணப்பம், வருகைப்பதிவேடு, படிப்பு முடித்துப் பெறும் சான்றிதழ் வரை முன்னெழுத்தோடு கூடிய பெயர் தமிழில் இருத்தல் வேண்டும். முதலமைச்சர் தொட்டுக் கடைநிலை ஊழியர் வரை இதனைப் பின்பற்ற வேண்டும். 2025 ஏப்பிரலில் அரசாணைகள் தமிழிலேயே வெளிவர வேண்டும் என்றும், கையொப்பம் தமிழிலேயே இருக்க வேண்டும் என்றும் மீண்டும் ஆணையிடப்பட்டது. மீண்டும் மீண்டும் ஆணையிட வேண்டியிருப்பதே, முன்னர் இட்டவை எவ்வளவு மதிக்கப்பட்டன என்பதைக் காட்டும். விண்ணப்பத்தில் தொடங்கிச் சான்றிதழில் முடியும் நெடுவழியில், நடுவே நாள்தோறும் கழுத்தில் தொங்கும் அட்டைக்கு மட்டும் விலக்கு ஏது?

கேட்டால் வரும் விடைகள் மூன்று வகை. பொறியில் தமிழ் வராது என்பர். உலகப் பொதுக் குறிமுறையில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றுள்ளது. தமிழ்99 விசைப்பலகையைத் தமிழ்நாட்டரசு 1999இல் ஏற்றது. அவ் வட்டையை அச்சிடும் அதே கடையில் மணவிழா அழைப்பிதழ் தமிழில் அழகாய் அச்சாகின்றது. வெளிமாநில மாணவர் உளர் என்பர். இருக்கட்டும், தமிழோடு ஆங்கிலமும் இருப்பதை எவரும் தடுக்கவில்லை. தமிழ் அறவே இல்லாமையே குற்றம். அயல்நாட்டில் மதிக்கமாட்டார் என்பர். மாணவன் கழுத்தட்டையை மாட்டிக்கொண்டு எந்த அயல்நாட்டு வானூர்தி நிலையத்தில் நிற்கப் போகின்றான்? அங்கே கேட்பது கடவுச்சீட்டு. ஆங்கிலேயர் அண்டையில் வாழும் வேல்சு மக்களைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டு இயற்றிய சட்டத்தின் வழி, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் மாணவர்க்கு வேல்சு மொழியிலும் பணிசெய்யக் கட்டுப்பட்டுள்ளன. அம் மொழியைப் பேசுவோர் தொகை சில நூறாயிரமே. ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட தமிழ்நாட்டுக்கு நாணம் வேண்டாவா?

1965 சனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலரின் துமுக்கிக் குண்டுக்கு இரையானார். இந்தி தமிழ்நாட்டுக் கல்விக்கூட வாயிலைக் கடவாதபடி மாணவர் தம் மார்பையே கதவாக்கிய ஆண்டு அது. முன்வாயிலில் இந்தியைத் தடுத்தார். பின்வாயிலை ஆங்கிலத்திற்குத் திறந்துவைத்தோர் அவர் ஈகத்தின் பயனை நுகர்ந்து பதவியில் அமர்ந்தவர். இதனைச் சொன்னால் சிலர்க்குச் சினம் வரும். வரட்டும்.

பெயரைப் பிறர்மொழியில் எழுதிக் கையிற் கொடுப்பதன் பொருள் என்ன என்பதை ஈழத்தமிழர் நன்கறிவர். இலங்கையில் ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது. தேசிய அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. வடக்கும் கிழக்கும் நீங்கலான பகுதிகளில் வழங்கிய அட்டைகள் சிங்களத்தில் மட்டுமே இருந்தன. மலையகத் தேயிலைத் தோட்டத் தமிழரும் கொழும்புத் தமிழரும் தம் பெயர் சரியாய் எழுதப்பட்டுள்ளதா என்று படித்தறியவும் இயலாத அட்டையைத் தம் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தனர். போர்க்காலத்தில் ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் அவ் வட்டையே ஒருவரின் போக்கையும் நிலையையும் முடிவு செய்தது. எல்லா அட்டைகளிலும் தமிழும் இடம்பெற்றது 2014ஆம் ஆண்டில். போர் முடிந்து ஐந்தாண்டு கழித்து! அங்கே தமிழை அட்டையினின்று விலக்கியது சிங்கள அரசு; அதனை எதிர்க்கத் தமிழர் இருந்தனர். இங்கே விலக்குவோர் தமிழரே ஆதலின் எதிர்ப்பார் அரியர்.

இன்னொரு நாட்டுக் கதை இதனினும் பொருத்தமானது. கனடாவின் வடகோடிப் பனிநிலத்தில் வாழும் இனுவிட்டு மக்களின் பெயர்கள் ஆங்கில அலுவலர்க்கு வாயில் நுழையவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாய் எழுதிக் குழம்பினர். தம் அறியாமையைத் திருத்திக்கொள்வதற்கு மாறாக, 1941 முதல் அம் மக்கள் ஒவ்வொருவர்க்கும் எண் பொறித்த ஒரு சிறு வட்டவில்லையைக் கொடுத்து, எப்போதும் உடன்கொண்டிருக்கச் சொன்னது அந் நாட்டரசு. பலர் அதனைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் அணிந்தனர். பள்ளியிலும் மருத்துவமனையிலும் அரசு ஏட்டிலும் அவர்க்குப் பெயரில்லை, எண்ணே உண்டு. அம் முறையை ஒழிக்க 1968 முதல் 1971 வரை ஏபு ஓக்பிக் என்னும் இனுவிட்டுத் தலைவர் ஊர் ஊராய்ச் சென்று மக்களின் பெயர்களைப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆள்வோர் நாவுக்கு ஏலாத பெயர் அழிக்கப்படும். அவ்விடத்தில் எண் வந்தமரும் என்பது அவ் வட்டவில்லை காட்டிய வழி.

அவ் வழியிலேயே இந்தியாவும் அடியெடுத்து வைத்துள்ளது. ‘ஒரே நாடு, ஒரே மாணவர் அடையாளம்’ என்னும் முழக்கத்தோடு 2023இல் ‘அபார்’ என்னும் பன்னிரண்டு இலக்க எண் புறப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை ஈன்ற பிள்ளைகளுள் அதுவும் ஒன்று. பள்ளிப்பிள்ளை முதல் ஆய்வு மாணவர் வரை ஒருவர் வாழ்நாளெல்லாம் பெற்ற மதிப்பெண், சான்றிதழ், பாடத்தகுதி அனைத்தும் அவ்வெண்ணின்கீழ் தில்லிசார்ந்த மின்பேழையிற் சேரும். பல்கலைக்கழகங்களுக்கென 2021இல் பல்கலைக்கழக மானியக்குழு விதித்த பாடத்தகுதி வைப்பகமும் இதனோடு பிணைக்கப்பட்டுள்ளது. பள்ளி ஏட்டிலுள்ள பெயரும் ஆதாரிலுள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருந்தால்தான் எண் பிறக்கும். எந்த எழுத்து? அதே ஆங்கில எழுத்து! எழுத்தரின் கைப்பிழையால் வந்த சிதைந்த வடிவம் இனி ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுமைக்கும் கல்வெட்டாகிவிடும்.

இவ்வெண்ணைப் பெறப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்று ஏட்டில் உள்ளது. இசைவு என்றால் மறுக்கும் உரிமையும் அதனுள் அடங்கும். 2018 செபுதம்பர் 26 அன்று வழங்கிய தீர்ப்பில், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. சான்றிதழ்களில் ஆதார் எண்ணை முழுமையாய் அச்சிடலாகாது என்று மானியக்குழுவே 2023 செபுதம்பரில் பல்கலைக்கழகங்கட்கு எழுதியது. எழுத்தறியாத் தாயொருத்தியிடம் படிவத்தை நீட்டி ‘இங்கே கையெழுத்துப் போடம்மா’ என்றால், அவள் எதற்கு இசைந்தாள் என்று யார் அறிவார்? அப் படிவம் தமிழில் இருந்ததா, அதனைப் படித்துக் காட்டினரா என்பதை ஊர்தோறும் தமிழ் உணர்வாளர் கேட்டறிதல் வேண்டும். 1976ஆம் ஆண்டு நெருக்கடிநிலைக் காலத்தில் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குக் கடத்தப்பட்ட கல்வி, இவ்வாறு ஒவ்வொரு பிள்ளையின் பெயர்வழியாகவும் தில்லியின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது.

தில்லியை மட்டும் பழித்துச் சென்னையை விட்டுவிடுதல் நேர்மையாகாது. பள்ளிப்பிள்ளைகட்கும் கல்லூரி மாணவர்க்கும் தமிழ்நாட்டரசு தானும் தனித்தனித் தகவல் தொகுப்புகளை நடத்துகின்றது, எண்களையும் வழங்குகின்றது. தன் கையிலுள்ள அத் தொகுப்பில் தமிழ்ப்பெயரே முதன்மைப் பதிவு, ஆங்கில வடிவம் துணைப்பதிவு என்று வகுக்க எந்தத் தில்லியும் தடைசெய்யாது. அதனைச் செய்துவிட்டால், ஆங்கில வடிவங்கள் ஒன்றுக்கொன்று மாறினும் தமிழ் வடிவை ஒப்பிட்டு ஆள் ஒருவரே என்று முடிவு செய்யலாம்; அரசிதழ் விளம்பரமும் நாட்கூலி இழப்பும் பெருமளவு குறையும். தமிழார்வத்தை விட்டுத்தள்ளினும், வெறும் அலுவலக ஒழுங்குக்காகவே செய்யத்தக்கது இது.

மாணவர் நிலை இதுவாயின், ஊழியர் நிலை வேறு வகை. உதவிப் பேராசிரியர், பதிவாளர், கண்காணிப்பாளர் என்று தமிழில் அழகிய பதவிப்பெயர்கள் இருந்தும் அட்டையில் அவை ஆங்கிலத்திலேயே மின்னுகின்றன. தமிழ்த்துறைப் பேராசிரியர்தம் அட்டையும் இதற்கு விலக்கன்று என்பது நகைப்புக்கும் இரக்கத்திற்கும் உரியது. சில நிறுவனங்களில் நிலையான பணியாளர்க்கு ஒரு நிறப் பட்டை, ஒப்பந்தப் பணியாளர்க்கு வேறு நிறப் பட்டை. ஆண்டுக்கணக்காய் அதே வகுப்பில் அதே பாடம் நடத்தும் மதிப்புறு விரிவுரையாளர், தாம் தாழ்ந்த நிலையினர் என்பதை மாணவர் காணும்படி கழுத்திலேயே தூக்கித் திரிய வேண்டியவராகின்றார். அவரினும் கீழே, வளாகத்தைப் பெருக்கும் அம்மையார். தம் கழுத்தில் என்ன எழுதியிருக்கின்றது என்பதே அவர்க்குத் தெரியாது. ஐயப்பட்டு எவரேனும் நிறுத்தினால், தாம் யார் என்பதைத் தம்மாற் படிக்கவியலாத ஓர் அட்டையைக் காட்டித்தான் அவர் மெய்ப்பிக்க வேண்டும்.

மறைமலையடிகள் 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, வேதாசலம் என்னும் தம் பெயரை முதலில் தமிழாக்கினார். அவர் காட்டிய வழியிற் பல்லாயிரம் குடும்பங்கள் பிள்ளைகட்குத் தூய தமிழ்ப்பெயர் சூட்டின. யாழினி, செந்தாழை, அறிவழகன், எழிலரசி என்று ஆராய்ந்து சூட்டிய பெயர்களில், ஆங்கிலத்தால் மிகுதியும் அடிபடுவன இத் தூய பெயர்களே. வடமொழிப் பெயர்கள் ஓரளவு தப்பிப் பிழைக்கின்றன. ழகரமும் றகரமும் ஞகரமும் கொண்ட பெயர்கள் சிதைகின்றன. பிள்ளை வளர்ந்து, ‘இப் பெயரால் எனக்கு எங்கும் தொல்லை’ என்று சலித்துக்கொள்வாளாயின், தன் பிள்ளைக்கு அவள் தமிழ்ப்பெயர் இடுவாளா? ‘ச’, ‘ர’, ‘த’ என்று ஆங்கிலத்தில் எளிதாய் வரும் ஏதோ ஓர் ஒலிக்கூட்டத்தை வடநாட்டினின்று தேடிப் பிடிப்பாள். நூறாண்டு இயக்கத்தின் பயனை ஓர் எழுத்துப்பலகை இவ்வாறு கரைத்துவிடக் கூடும்.

அட்டையிற் பயன்படுத்தச் சொல் இல்லை என்பார்க்கு, சொற்கள் யாவும் வழக்கில் உள்ளனவே: பெயர், பெற்றோர் பெயர், துறை, சேர்ந்த ஆண்டு, செல்லும் காலம், பதிவெண், பிறந்தநாள், குருதிவகை, முகவரி, முதல்வர் கையொப்பம். இவற்றுள் குருதிவகையை மட்டும் சற்று எண்ணிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி மயங்கிக் கிடக்கும் மாணவனை முதலில் தூக்குபவர் தானி ஓட்டுநர், தேநீர்க்கடைக்காரர், வழிப்போக்கர். அவர்க்கு அவன் பெயரும் ஊரும் வீட்டாரின் தொலைப்பேசி எண்ணும் எம் மொழியில் இருக்க வேண்டும்?

எரியோட்டினின்றும் அதனைச் சூழ்ந்த ஊர்களினின்றும் இவ்வாண்டு கல்லூரியிற் சேரும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் செய்யத்தக்கது கடினமானதன்று. சேர்க்கைப் படிவத்திற் பெயரை முன்னெழுத்தோடு தமிழில் முதற்கண் எழுதுக. கட்டம் இல்லையேல் அதன் மேலே எழுதுக. கடைப்பெயர்க் கட்டத்திற் சாதிப்பெயரை ஒருகாலும் இடற்க. அட்டைக்கு ஒளிப்படம் எடுக்குமுன், பெயர் தமிழிலும் அச்சாக வேண்டும் என்று முதல்வர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதி, 2021 திசம்பர் ஆணையைச் சுட்டி, ஒப்புகை பெறுக. ஒருவர் எழுதினால் குப்பைக்கூடைக்குப் போகும்; ஒரு வகுப்பே எழுதினால் ஆட்சிக்குழுவின் மேசைக்குப் போகும். மறுமொழி வாராவிடில், முப்பது நாளுள் விடை தரக் கட்டுப்பட்ட தகவலுரிமைச் சட்டம் 2005 முதல் நடைமுறையில் உள்ளது: ‘இந் நிறுவனத்தின் அடையாள அட்டையில் தமிழ் இடம்பெறாமைக்குக் கரணியமான ஆணையின் எண்ணும் நாளும் யாவை?’ என்று அரசுக் கல்லூரியையும் பல்கலைக்கழகத்தையும் கேட்கலாம். அவ் வினாவையும் தமிழிலேயே எழுதுக; கீழே முன்னெழுத்தோடு தமிழிற் கையொப்பமிடுக.